பயம் பிடித்த இடம்

பூலி
2000 நவம்பர் 12

அக்கா,

போன வாரம் போனில், "என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். சளி என்றேன். சளி இல்லை. இந்தத் தற்காலிக வீட்டில் போன் அம்மாவின் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அம்மா தூங்குவது போலப் படுத்திருப்பாள், தூங்க மாட்டாள். அதனால்தான் கடிதம்.

நிலநடுக்கம் வந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. ஊரில் பலருக்கு அது பழைய பேச்சு. எங்கள் பள்ளி இன்னும் தகர வகுப்பறைகளில்தான் நடக்கிறது. மழை பெய்தால் பாடம் நடத்த முடியாது, அவ்வளவு சத்தம். ஆனாலும் எனக்கு அந்தத் தகரம் பிடித்திருக்கிறது. விழுந்தாலும் தகரம்தானே.

புதிய கட்டடம் தயாராகிறது. மூன்று மாடி. பிப்ரவரி 12ஆம் தேதி திறப்பு. என் இரண்டாம் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். அவர்களை வரிசையாக உள்ளே அழைத்துப் போக வேண்டியவள் நான்.

புதன்கிழமை தலைமை ஆசிரியர் ஜியாங் எங்கள் எல்லோரையும் கட்டடம் காட்டக் கூட்டிப்போனார். தலைக்கு மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். வாசலில் நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். அது கட்டித்தான் இருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினேன். உடற்பயிற்சி ஆசிரியர் குவோ உள்ளேயிருந்து கத்தினார்: "பெய் டீச்சர், வாங்க வாங்க! எந்த நடுக்கத்தையும் தாங்குமாம். நீங்க இருக்கிற எடைக்கு அதுக்குத் தெரியக்கூடத் தெரியாது!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தேன். கூரையை நான் பார்க்கவில்லை. ஆனால் அது என் பின்கழுத்தை ஒட்டி நிற்பது தெரிந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, சாலைக்கு அந்தப் பக்கம் பாக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தது. சாலையை எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. தொப்பி தலையிலேயே இருந்தது.

தலைமை ஆசிரியர் நல்லவர். மறுநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு அட்டையை மேசையில் வைத்தார். "டீச்சர், நான் எதையும் பார்க்கல, எதையும் கேக்கல. இவங்களைப் போய்ப் பாருங்க." அவ்வளவுதான் சொன்னார்.

ஊர் ஆஸ்பத்திரி. மனநல ஆலோசகர் கோ. ஐந்தாம் மாடி. நாலு சாவு எண் என்று அதை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள் அல்லவா, ஆகவே உண்மையில் நான்காவது. ஒரு மாடி குறைந்ததில் எனக்கு ஆறுதலாக இருந்தது என்றால் என் நிலையைப் பார்த்துக்கொள். கூரைக்குப் பயப்படுகிறவளை இத்தனை கூரைகளைத் தாண்டி மேலே வரச் சொல்கிறார்கள்.

அட்டையை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். போகலாமா என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை நினைக்கிறேன். போனால் யாராவது பார்ப்பார்கள். பார்த்தால் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரியும். நம் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்தி, என்னையே ஊரில் "அந்த டீச்சர்" என்றுதான் சொல்கிறார்கள். இனி எந்த டீச்சர் என்பார்கள்?

அம்மாவுக்கு அட்டை விஷயம் தெரியாது. ஆனால் நான் சாப்பிடாதது தெரியும். என் சட்டையை எடுத்துக்கொண்டு பயம் எடுக்கக் கோயிலுக்குப் போய்விட்டாள், மூன்றாவது முறையாக. மீன் உருண்டை விற்கும் ஆ-சூ அம்மாதான் அங்கே பயம் எடுக்கிறவர். கிண்ணத்து அரிசியைச் சட்டையால் மூடி, ஊதுபத்தியைச் சுற்றி, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, பிறகு அரிசியில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று பார்க்கிறார். "பயந்த உசிரு ரொம்ப தூரம் ஓடியிருக்கு" என்றாராம்.

வகுப்பில் லாரி போகும் அதிர்வு வந்தால் பிள்ளைகள் கூரையைப் பார்ப்பதில்லை அக்கா. என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

தாங்தாங் எப்படி இருக்கிறாள்? ஒன்றாம் வகுப்புப் பிடித்திருக்கிறதா?

பெய்-ரோங்

*

தாவ்யுவான்
நவம்பர் 19

பெய்,

எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. பேசுற மாதிரியே எழுதுறேன். சிவப்புப் பேனா எடுத்துத் திருத்தாதே.

போகாதே.

ஏன்னு சொல்றேன். எங்க ஃபேக்டரி லைன்ல ஸ்யூ-லான்னு ஒருத்தி. தூக்கம் வரலன்னு அந்த மாதிரி டாக்டர்கிட்ட போனா. பையில இருந்து மாத்திரை உறை விழுந்துச்சு, மேற்பார்வைக்காரன் பொறுக்கிக் குடுத்தான், படிச்சுட்டுத்தான் குடுத்தான். மறுவாரமே அவளை மைக்ராஸ்கோப்ல இருந்து எடுத்து பேக்கிங்ல போட்டாங்க. இப்ப அவ தும்மினாக்கூட "ஐயோ ஆரம்பிச்சுட்டா"ன்னு சிரிக்கிறாங்க. கம்பெனியே இப்படின்னா அரசாங்கம் என்ன பண்ணும்? காகிதத்துல ஒரு தடவை ஏறிடுச்சுன்னா போச்சு. நீ வாத்தியார் பரீட்சை பாஸ் பண்ணப்ப அம்மா தெரு முழுக்கப் பட்டாசு வெடிச்சா. நான் பதினாறு வயசுல லைன்ல வந்து உக்காந்தது எதுக்கு? சொல்லிக் காட்டுறேன்னு நினைக்காதே. சரி, சொல்லித்தான் காட்டுறேன்.

அதுவும் உக்காந்து பேசுறதுக்கு ஒரு டாக்டரா? பேசணும்னா எனக்கு எழுது.

அப்புறம் நீ என்னமோ பயந்தாங்கொள்ளி மாதிரி எழுதியிருக்கே. யாருடி பயந்தாங்கொள்ளி? நிலநடுக்கம் வந்த ராத்திரி அம்மா பெரியம்மா வீட்டுக்கு நிலாப் பண்டிகை அப்பம் சுடப் போயிட்டா. வீட்டுல நீயும் என் பொண்ணும் மட்டும். வீடு சாயறப்ப அவளை இடுப்புல தூக்கிட்டு வெளிய வந்தது யாரு? வெல்டிங் கடை ஹுவாங் அண்ணன் டார்ச் அடிச்சுக் கண்ணால பார்த்தார். எங்க லைன்ல எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். புதுசா யாராவது சேர்ந்தா நான்தான் சொல்லுவேன். அவளோட அப்பன் விட்டுட்டுப் போனான், நான் இங்க வேலைக்குக் கிடந்தேன், என் தங்கச்சி தூக்கிட்டு வந்தான்னு.

தாங்தாங் நல்லா இருக்கா. ஒண்ணு மட்டும்தான். ஷூ போட்டுக்கிட்டுத்தான் தூங்குறா. கழட்டச் சொன்னா அழுவுறா. தூங்கினப்புறம் கழட்டினா முழிச்சுக்கிறா. கண்ணாடி குத்தினது மறக்கல போல. வளர்ந்தா சரியாயிடும்.

இஞ்சி வெல்லம் அனுப்பியிருக்கேன், சுடுதண்ணியில போட்டுக் குடி.

அக்கா

*

பூலி
டிசம்பர் 10

அக்கா,

நீ போகாதே என்றாய். போனேன். ஆனால் போய்ச் சேரவில்லை, அதனால் கோபப்படாதே.

முதல் தடவை புதன்கிழமை மதியம், பள்ளி அரைநாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே நின்று ஜன்னல்களை எண்ணினேன். ஐந்தாம் மாடியில் ஒரு ஜன்னலில் பச்சைச் செடி வைத்திருந்தார்கள். அதுதான் அறை என்று ஏனோ நினைத்தேன். "டீச்சர்!" என்று பின்னாலிருந்து குரல். என் வகுப்பு யுவான்-யுவானின் அம்மா, சேமியா வண்டியோடு. "யாருக்கு டீச்சர் உடம்பு சரியில்ல?" தோழி ஒருத்திக்கு என்றேன். "எந்த வார்டு? இருங்க, வண்டியை ஓரங்கட்டிட்டு நானும் வந்து ஒரு எட்டு பார்த்துடறேன்." அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். தோழி இப்போதுதான் வீட்டுக்குப் போனாள் என்று சொல்லிவிட்டு, சேமியா இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டாம் தடவை மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். பதினொரு படி ஏறினேன். பன்னிரண்டாவது படிக்கு நேரே சுவரில் ஒரு கோடு. விரிசலை அடைத்து மேலே வெள்ளை அடித்திருக்கிறார்கள். கோணலாக மேலே போய்க் கூரைக்குள் நுழைகிறது. இறங்கிவிட்டேன். வெளியே இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து, ஒரு மாணவிக்குக் காய்ச்சல், வர முடியாது என்று சொன்னேன். அந்த ஆலோசகரே எடுத்தார், கோ டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். "பரவாயில்லைங்க. எப்ப முடியுமோ அப்ப வாங்க," என்றார். நான் அவர் ஜன்னலுக்குக் கீழேயேதான் நின்றிருந்தேன்.

ஆனால் மாடி மட்டும் காரணம் இல்லை. அந்த அம்மாள் முதல் கேள்வியாக என்ன கேட்பார்? அன்று என்ன நடந்தது என்று கேட்பார்.

இன்னொன்றும் நடந்தது. கோயிலில் ஆ-சூ அம்மா கையை விரித்துவிட்டார். பயம் எங்கே பிடித்ததோ அங்கே போய்த்தான் எடுக்க வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை நம் பழைய மனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. சமையலறைத் தரை ஓடுகள் மட்டும் கொஞ்சம் தெரிகின்றன, மற்ற இடமெல்லாம் ஊதாப்பூக் கொடி. அம்மா அரிசி, ஊதுபத்தி, என் நீலச் சட்டை எல்லாம் கொண்டுவந்திருந்தாள்.

ஆ-சூ அம்மா கேட்டார்: "எந்த எடத்துல புடிச்சுதும்மா? அங்க போய் நில்லு. சரியான எடமா காட்டணும். எடம் தப்பினா அரிசி பேசாது."

நான் கொடியை மிதித்துக்கொண்டு போய்க் கட்டில் இருந்த இடத்தில் நின்றேன்.

"இங்கயா?"

"இங்கதான்."

ஊதுபத்தியைச் சுற்றினார். என் பேரைச் சொல்லி, வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார். அம்மாவும் சேர்ந்து கூப்பிட்டாள். குரல் உடைந்துவிட்டது. சட்டையை விலக்கிக் கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஆ-சூ அம்மா. பிறகு, "ஒண்ணுமே இல்ல. அரிசி சும்மா அரிசியா இருக்கு," என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. அந்த அரிசியை வீட்டுக்கு எடுத்து வந்து கஞ்சி வைத்தாள். நான் சாப்பிடவில்லை.

நான் காட்டிய இடம் சரியில்லை அக்கா. இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

பெய்

*

தாவ்யுவான்
டிசம்பர் 17

பெய்,

எடம் சரியில்லன்னா என்ன அர்த்தம்? கட்டில்ல இருந்துதானே எழுந்தீங்க? ரெண்டு தடவை படிச்சேன். புரியல.

நான் படிக்காதவதான், ஆனா முட்டாள் இல்ல. சுத்தி வளைக்காம எழுது. என்ன எடம்? தாங்தாங் எங்க இருந்தா?

அக்கா

*

பூலி
டிசம்பர் 24

அக்கா,

பயம் பிடித்த இடம் கட்டில் இல்லை. சந்து. ஹுவாங் அண்ணன் கடையின் இரும்புக் கதவுக்கு எதிரே, சாக்கடை மூடியின் மேல்.

குலுங்கத் தொடங்கியது. அடுத்த நினைவு சந்து. நடுவில் என்ன என்று பதினைந்து மாதமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. தாங்தாங் என் வலது பக்கம் படுத்திருந்தாள். கதவு இடது பக்கம். அவளைத் தாண்டிப் போயிருந்தாலாவது கால் தட்டியிருக்கும், நினைவு வந்திருக்கும். தாண்டக்கூட வேண்டியிருக்கவில்லை.

சந்தில் நின்றபோதுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. வீடு முன்பக்கம் சாய்ந்து நின்றது. ஒரே இருட்டு. கேஸ் வாடை. அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தேன். உள்ளே போக முடியவில்லை என்று இந்த இடத்தில் முதலில் எழுதி, அடித்துவிட்டேன். போகவில்லை.

அவள் தானாக வந்தாள், சமையலறைப் பக்கமாக. உடைந்த கண்ணாடி மேல் வெறுங்காலோடு நடந்து வந்தாள். வெளியே வந்த பிறகுதான் நான் தூக்கினேன். அப்போதுதான் ஹுவாங் அண்ணன் டார்ச் அடித்தார். அவர் பார்த்தது அதைத்தான். கொஞ்ச நேரத்தில் அடுத்த குலுங்கல் வந்து முன்பக்கம் முழுதும் இறங்கியது.

காலையில் எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். பள்ளியில் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், அதற்குள் யாராவது அடுத்த வார்த்தை பேசிவிடுவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சுக்கு நடுவில் புகத் தெரியாது, உனக்குத் தெரியுமே. இது சாக்கு இல்லை. நடந்தது.

அந்தக் கட்டடத்துக்குள் பிள்ளைகளோடு போகப் பயப்படுவது கூரை விழும் என்று மட்டும் இல்லை. மறுபடி குலுங்கினால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு பேர் அக்கா.

கோ டீச்சரிடம் போனால் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். உனக்குத் தெரியாமல் அதை வேறொருவரிடம் சொல்வது திருட்டு மாதிரி இருந்தது. அதனால் முதலில் உனக்கு.

பெய்-ரோங்

*

பூலி
2001 ஜனவரி 14

அக்கா,

பதில் எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. சந்திரப் புத்தாண்டு வருகிறது. நீங்கள் இருவரும் எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று அம்மா தினமும் கேட்கிறாள். அக்காவுக்கு இரட்டை ஷிப்ட் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கடிதம் கிடைத்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

பெய்

*

தாவ்யுவான்
ஜனவரி 18

கிடைச்சுது.

மூணு வாரமா லாக்கர்ல பூட்டி வச்சிருந்தேன். கோவமா இருக்கேன். இந்தக் கடிதம் முடியறப்ப போயிடும்னு நினைச்சுப் படிக்காதே, போகாது. லைன்ல ரெண்டு சர்க்யூட் போர்டைப் பொசுக்கிட்டேன். போன வாரம் புதுசா ஒரு பொண்ணு சேர்ந்தா. "மெய்-யூன் அக்கா, உங்க தங்கச்சி கதையைச் சொல்லுங்க"ன்னு யாரோ ஆரம்பிச்சாங்க. நான் எழுந்து கழிப்பறைக்குப் போயிட்டேன். ஒண்ணேகால் வருஷமா ஊர் பூரா பொய் சொல்லியிருக்கேன், உன்னால.

தாங்தாங்கிட்ட கேட்டேன். கேக்கக் கூடாதுன்னு இருந்தேன், முடியல. தலை சீவிக்கிட்டே சும்மா மாதிரி கேட்டேன்.

"அன்னைக்கு சித்தி எங்க இருந்தாங்க?"

"வெளிய."

அவ்வளவுதான். ஏதோ கடைக்குப் போயிருந்தாங்கங்கிற மாதிரி.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

எனக்குச் சீப்பு நகரல. அவளே பேசினா. "சித்தி என் பேரைக் கத்திக்கிட்டே இருந்தாங்க. ஒண்ணும் தெரியல. சத்தம் வந்த பக்கமா போனேன்."

இது உனக்கு மன்னிப்புன்னு எடுத்துக்காதே. அவ சொன்னதைச் சொல்றேன்.

அப்புறம் கேட்டா, "நீ ஏம்மா ஷூ போட்டுக்காம தூங்குற? குலுங்கினா நீ எப்படி ஓடுவே?" பெய், நான் நினைச்சது தப்பு. கண்ணாடி குத்தினது ஞாபகம் வந்து இல்ல. தினமும் ராத்திரி அது வரும்னு தயாரா படுக்குறா. ஆறு வயசு. இப்ப நானும் ஷூ போட்டுக்கிட்டுத்தான் படுக்குறேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல.

நீ சந்துல இருந்தே. நான் எங்க இருந்தேன்? இங்க விடுதியில ஆறாவது மாடி. கட்டில் ஆடினப்ப தலையணையைக் கட்டிப் பிடிச்சேன். ஒரு நிமிஷம் பொறுத்துத்தான் எனக்கொரு பொண்ணு இருக்காங்கிறதே தலைக்கு வந்துச்சு. நீ பதினஞ்சு மாசம் சொல்லலன்னா நான் இதைச் சாகுற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். நான் அங்க இல்லவே இல்ல. என்னை எந்த எடத்துல நிக்க வச்சுப் பயம் எடுப்பாங்க?

போகாதேன்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த கோ டீச்சர் சின்னப் பசங்களைப் பார்ப்பாங்களா? நானே போன் பண்ணிடலாம், ரிசீவரை எடுத்தா வாய் ஒட்டிக்குது. இவ்வளவு வாயாடி நான், இதுல பாரு. நீ போ. உனக்காகப் போக வேண்டாம்னா போகாதே. கேட்டுச் சொல்றதுக்குப் போ. மாடி ஏற முடியலன்னா கீழ இறங்கி வரச் சொல்லு. எனக்கு இத்தனை பக்கம் எழுதுற, அவங்களுக்கு நாலு வரி எழுதக் கையில என்ன சுளுக்கா?

புத்தாண்டுக்கு வரல. உன் முகத்தைப் பார்க்க இன்னும் என்னால முடியாது. உன் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட ரெட்டை ஷிப்டுன்னு நானும் சொல்லிட்டேன். பேசி வச்சுக்காமலேயே ரெண்டு பேரும் ஒரே பொய்.

மெய்-யூன்

*

பூலி
பிப்ரவரி 8

அக்கா,

முதலில் நீ கேட்டது. சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பாராம். ஆறு வயதுக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்களாம். தாவ்யுவானிலேயே ஒருவரைத் தெரியுமாம், பெயரும் எண்ணும் இதோடு தனித் தாளில் வைத்திருக்கிறேன். ஷூவைக் கழற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றார். நீயும் போட்டுக்கொண்டு படுப்பதைச் சொன்னேன். "நல்ல அம்மா" என்றார். நான் சேர்த்துச் சொல்லவில்லை, அவர் சொன்ன வார்த்தைதான்.

நாலு வரி எழுத எனக்கு ஐந்து நாள் ஆனது. "மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு" என்று தொடங்கி ஒன்பது தாளைக் கசக்கினேன். கடைசியில், என்னால் மாடி ஏற முடியாது, கீழே பார்க்க முடியுமா என்று மட்டும் எழுதி, பெட்டியில் போட்டுவிட்டு, அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தபால் பெட்டியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் போன் செய்தபோது நான் பள்ளியில் இருந்தேன். அம்மா எடுத்துவிட்டாள். நான் வந்ததும் கேட்டாள்: "யாரோ கோவாம். புதன்கிழமை ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஸ்கூட்டர் கொட்டகையில உன்னைப் பார்க்கணுமாம். யாருடி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா? ஏன் கொட்டகையில பார்க்கணும்?"

பொய் ஒன்று தேடினேன். ஒரு பொய்யும் மிச்சமில்லை.

"இல்லம்மா. பயம் எடுக்கிறவங்க."

அம்மா யோசித்தாள். "அரிசி கொண்டு போகணுமா?"

"வேண்டாமாம்."

"சட்டை?"

"நானே போறேனேம்மா."

"ஆமால்ல," என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. புதன்கிழமை காலையில் என் நல்ல கோட்டுக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

பிப்ரவரி 12க்குள் ஒன்றும் முடியாது என்று கோ டீச்சர் நேராகவே சொல்லிவிட்டார். இன்று காலை தலைமை ஆசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன், என் வகுப்பு இன்னும் சில மாதம் தகரத்திலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் வேறு ஆசிரியரைப் போடுங்கள் என்று. "தகரமே இருக்கட்டும் டீச்சர், இன்னும் பிரிக்கலையே," என்றார். அவர் மனதில் என்ன நினைத்தாரோ தெரியாது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

கொட்டகையில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், குட்டையாக, காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு. நான் அவர் கையில் நோட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். மடியில் மூடி வைத்திருந்தார். குளிரைப் பற்றிப் பேசினார். நேற்று விளக்குத் திருவிழா அல்லவா, பிள்ளைகள் என்ன விளக்கு செய்தார்கள் என்று கேட்டார். முயல் விளக்கு என்றேன். அவ்வளவுதான் என்னால் பேச முடிந்தது. பத்து நிமிடம் நான் ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்விட வேண்டும் என்று மட்டும் இருந்தது. எந்தச் சாக்குச் சொல்லிக் கிளம்பலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது குலுங்கியது.

உங்களுக்கு அங்கே தெரிந்திருக்காது, சின்னதுதான். தகரக் கூரை கடகடவென்று ஆடியது. ஸ்கூட்டர் ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்தது. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உறைந்துவிட்டேன். கால் வரவில்லை. தலையைத் திருப்பினேன். எதிர் நாற்காலி காலி.

அவர் முற்றத்தின் நடுவில் நின்றிருந்தார். ஒரு செருப்பு இங்கே கிடந்தது, ஒரு செருப்பு காலில். நோட்டு மண்ணில் குப்புற விழுந்திருந்தது. மார்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். குலுங்கல் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க," என்றார். "உங்களை விட்டுட்டு வந்துட்டேன். அந்த வருஷத்துல இருந்து எனக்கு இப்படித்தான். மூளைக்கு முன்னாடி கால் போயிடுது."

நான் எழுந்தேன். அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்தேன். அவர் அதை வாங்கிக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார்.

"நானும் ஒருத்தியை விட்டுட்டு வந்தேன்," என்றேன்.

அவர் நோட்டைக் குனிந்து எடுக்கவில்லை.

"யாரை?" என்று கேட்டார்.

சொன்னேன். நாற்காலிகள் கொட்டகைக்குள்ளேயே கிடந்தன. நேரம் முடியும் வரைக்கும் நாங்கள் முற்றத்தில் நின்றுகொண்டே பேசினோம்.

பெய்-ரோங்